சூடு எங்கே போகும்? 75-ஆம் நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து ஒரு கண்ணாடிக் கதை

ரிச்சர்ட்சனில் டார்ட் ரெட் லைனில் ஏறி டாலஸ் டவுன்டவுன் பக்கம் போனால், ஸ்பிரிங் வேலிக்கு அடுத்த நிறுத்தம் எல்பிஜே/சென்ட்ரல். பக்கத்திலேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பெரிய வளாகம். நம்ம தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அது வெறுமனே "அப்பா ஆபீஸ்" அல்லது "அம்மா ஆபீஸ்". 1958-இல் ஜாக் கில்பி முதல் இன்டகிரேட்டட் சர்க்யூட்டைச் செய்து காட்டியது இந்த நிறுவனத்தில்தான் என்பதை இங்கே படிக்கிற பிள்ளைகள் எப்படியாவது தெரிந்துகொண்டுவிடுகிறார்கள். அதே நிறுவனத்தில் பிறந்த இன்னொரு பொருளைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. அது ஒரு கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி இல்லை, ஒளியைத் திருப்பி அனுப்புகிற கண்ணாடி. அகலத்தில் ஒரு தலைமுடியைவிடச் சின்னது. நீங்கள் கடைசியாகத் தியேட்டரில் பார்த்த தமிழ்ப் படம், பெரும்பாலும், அப்படிப்பட்ட இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகளில் பட்டுத்தான் திரைக்கு வந்திருக்கும்.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால் எரிகிற விளக்கு சாதாரண விளக்கு இல்லை. பெரிய தியேட்டர் ப்ரொஜெக்டரில் அது பல கிலோவாட். வீட்டில் தோசைக்கல் வைக்கிற எலக்ட்ரிக் அடுப்பு ஒன்றின் சூட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். "அப்பா, அவ்வளவு ஹீட்ல அந்தக் குட்டி மிரர் ஏன் மெல்ட் ஆகல?" என்று ஒரு பத்து வயசுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? "அது ஸ்ட்ராங் மெட்டீரியல்டா" என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அது பாதி பதில்கூட இல்லை. விளக்குக்குக் கண்ணாடி செய்கிறவர்கள் காலங்காலமாகப் போராடியது சூட்டைத் தாங்குகிற பொருளைத் தேடி மட்டும் இல்லை. சூட்டை வேறு எங்கே அனுப்புவது என்பதுதான் அவர்களுடைய பெரிய கேள்வி.

ஊரில் தாத்தா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சிம்னி விளக்கை நம்மில் சிலர் லீவுக்குப் போனபோது பார்த்திருப்போம். கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் பளபளவென்று ஒரு தகரத் தட்டு. பின்பக்கமாகச் சுவருக்குப் போகிற வெளிச்சத்தை அறைக்குள் திருப்பிவிடுகிற வேலை அதற்கு. கரி படிந்தால் பாட்டி சாம்பலைப் போட்டுத் தேய்ப்பார்; தேய்க்கத் தேய்க்கத் தட்டு கீறல் விழுந்து மங்கும். சூடு, புகை, துடைப்பது. ரிஃப்ளெக்டருக்கு இருக்கிற மூன்று எதிரிகளும் அந்த ஒரு தட்டிலேயே இருந்தன.

இதையே பெரிதாக்கினால் தியேட்டர். மதுரை தங்கம் தியேட்டர் மாதிரி 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்த கொட்டகையில், கடைசி வரிசையில் இருந்து திரை வரைக்கும் ஒளியை அனுப்ப வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு கார்பன் ஆர்க். இரண்டு கார்பன் குச்சிகளை நெருக்கி வைத்து மின்சாரம் விட்டால் நடுவில் வெல்டிங் பொறி மாதிரி ஒரு சுடர் எரியும். குச்சியின் முனையில் வெப்பம் 3,500 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். குச்சி எரிந்து குறையக் குறைய ஆபரேட்டர் அதைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். தூங்கிவிட்டால் திரை இருட்டும், கீழே விசில் பறக்கும்.

அந்தச் சுடருக்குப் பின்னால் ஒரு பெரிய குழி ஆடி, உட்பக்கம் வளைந்த கண்ணாடி. அதன் வடிவம் நீள்வட்டம். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் உண்டு. ஒரு குவியத்தில் விளக்கை வைத்தால், கண்ணாடியில் எங்கே பட்ட ஒளியும் இன்னொரு குவியத்தில் வந்து சேரும். அங்கேதான் ஃபிலிம் ஓடும் ஜன்னல். கார் ஹெட்லைட்டுக்கு வேறு வடிவம், பரவளையம்: அது ஒளியை ஒரு இடத்தில் சேர்க்காது, நேர்க்கோடாக முன்னே அனுப்பும். ஜியோமெட்ரி வகுப்பில் எலிப்ஸ், பரபோலா என்று பிள்ளைகள் முனகும்போது இந்த இரண்டு விளக்கையும் சொல்லிப் பாருங்கள்.

வடிவம் சரி, ஆயுள்? கார்பன் குச்சியின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். எரியும்போது அந்தச் செம்பு துளித்துளியாகத் தெறித்துக் கண்ணாடியில் போய் ஒட்டும், அங்கங்கே குழி விழும். பளபளப்பு போனால் திரையில் வெளிச்சம் போச்சு. விளக்குக்குக் கிட்டே வைத்தால் நிறைய ஒளி கிடைக்கும், கண்ணாடி சீக்கிரம் கெடும். தள்ளி வைத்தால் கண்ணாடி பிழைக்கும், பாதி ஒளி வீண். 1950-களில் ஜெர்மனியில் இருந்து செனான் விளக்கு வந்தபோது ஆபரேட்டர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். புகை இல்லை, தெறிப்பு இல்லை. ஆனால் சூடு அப்படியேதான் இருந்தது. ஒளியைச் சேர்க்கிற கண்ணாடி சூட்டையும் சேர்த்துத்தான் ஃபிலிம் மேல் கொட்டியது. ஓடுகிற ஃபிலிம் நடுவில் நின்றுபோனால் திரையிலேயே அது பொசுங்கிக் குமிழி விடுவதை ஊரில் படம் பார்த்த தலைமுறை பார்த்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த யோசனை வருகிறது. சூட்டைத் தாங்குகிற கண்ணாடி வேண்டாம், சூட்டை வழிவிடுகிற கண்ணாடி போதும்.

அலுமினியம் பூசிய கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, அதாவது நாம் சூடாக உணர்கிற பகுதியை, அதைவிட நன்றாகவே அனுப்பும். வெளிச்சம் எங்கே போகுமோ சூடும் அங்கேதான். வெள்ளி இன்னும் நன்றாகப் பிரதிபலிக்கும், ஆனால் காற்றில் இருக்கிற கந்தகம் பட்டால் கறுத்துவிடும். வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கைக் கேட்டால் சொல்லும். அதனால் உலோகத்தையே விட்டுவிட்டு, டைட்டானியம் டை ஆக்சைடு, சிலிக்கா என்ற இரண்டு நிறமற்ற பொருள்களை ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் பூசினார்கள். ஒவ்வொரு படலமும் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு அளவு, கிட்டத்தட்ட நூறு நானோமீட்டருக்கும் குறைவு. இருபது, முப்பது படலங்கள் சேர்ந்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது: கண்ணுக்குத் தெரிகிற ஒளி திரும்பி வருகிறது, அகச்சிவப்பு நேராகக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு பின்னால் போய்விடுகிறது. இதை டைக்ரோயிக் பூச்சு என்பார்கள், கண்ணாடிக்குப் பெயர் 'கோல்டு மிரர்'. மழை பெய்த பிறகு பார்க்கிங் லாட்டில் எண்ணெய்த் திட்டு வானவில் நிறம் காட்டுமே, அதே இயற்பியல்தான். அங்கே தானாக நடக்கிறது, இங்கே அளந்து வைத்துச் செய்கிறார்கள்.

பூச்சு மட்டும் தாங்கினால் போதாது, அதைச் சுமக்கிற கிண்ணமும் தாங்க வேண்டும். சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடுவது ஏன்? ஒரு பக்கம் விரிகிறது, மறுபக்கம் சுருங்குகிறது. ப்ரொஜெக்டர் விளக்கின் ரிஃப்ளெக்டருக்கு ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் போடும்போதும் இந்தச் சோதனை. அதனால் சாதாரணக் கண்ணாடியைப் போல மூன்றில் ஒரு பங்கு மட்டுமே விரிகிற போரோசிலிகேட் கண்ணாடி. லேப் பீக்கர்கள், பழைய பைரெக்ஸ் பாத்திரங்கள் எல்லாம் அந்த ஜாதி. அதற்கும் மேலே வாட் ஏறினால் கிளாஸ்-செராமிக். சூட்டில் இது கிட்டத்தட்ட விரிவதே இல்லை. இது என்ன புதுசு என்று நினைக்க வேண்டாம். உங்கள் சமையலறையில் கறுப்பாக, தட்டையாக, மேலே ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு எலக்ட்ரிக் அடுப்பு இருந்தால், நீங்கள் தினமும் துடைக்கிற அந்தப் பலகை இதே குடும்பம்தான்.

1995-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த யுஹெச்பி விளக்கில் இது எல்லாமே ஒன்றாகச் சேர்ந்தது. தமிழ்ப் பள்ளியிலும் கோயில் ஹாலிலும் நாம் பயன்படுத்துகிற பல ப்ரொஜெக்டர்களில் இன்றும் இருப்பது அந்த வகைதான். சுண்டுவிரல் நுனி அளவு குவார்ட்ஸ் குமிழி, உள்ளே பாதரச ஆவி. எரியும்போது உள்ளே அழுத்தம் 200 வளிமண்டலம், கார் டயரில் இருப்பதைப் போல 80, 90 மடங்கு. குமிழியின் சுவர் ஆயிரம் டிகிரி செல்சியஸை நெருங்கும். சுடரின் நீளமோ ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். சுடர் அவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் நீள்வட்டக் கண்ணாடி அதைத் துல்லியமாக ஒரு புள்ளியில் சேர்க்க முடிகிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. விளக்கை நன்றாகக் குளிர வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும், ஆனால் குமிழி ரொம்பக் குளிர்ந்தால் பாதரசம் முழுவதும் ஆவியாகாமல் போய் விளக்கு கறுக்கும். ரொம்பச் சூடானால் குவார்ட்ஸ் பால் மாதிரி வெளுத்துக் கெட்டுப்போகும். சூடான வாயு மேலே எழும்புவதால் குமிழியின் மேல்பக்கம் எப்போதும் கீழ்ப்பக்கத்தைவிடச் சூடு. ஆகவே விசிறிக் காற்று எந்த இடத்தில், எவ்வளவு படவேண்டும் என்பதும் ரிஃப்ளெக்டர் வடிவமைப்பின் ஒரு பகுதி. ப்ரொஜெக்டரை இஷ்டத்துக்குச் சாய்த்து வைக்காதீர்கள் என்று கையேட்டில் எழுதியிருப்பது சும்மா இல்லை.

இனி நம்ம ஊர்க் கண்ணாடிக்கு வருவோம்.

லாரி ஹார்ன்பெக் என்ற இயற்பியலாளர் 1977-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் வளைந்து கொடுக்கும் கண்ணாடிகளை ஆராய ஆரம்பித்தார். சிலிக்கான் சில்லின் மேல் மெல்லிய கண்ணாடிப் படலம், மின்னழுத்தத்துக்கு ஏற்ப அது கொஞ்சம் கொஞ்சமாக வளையும். பத்து வருஷம் அந்த வழியில் போனார்கள். சீராக வளைக்க முடியவில்லை. 1987-இல் அவர் வேறு பாதைக்கு மாறினார்: கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக வளையவே வேண்டாம், இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம், இரண்டே நிலை போதும். டிஜிட்டல் மைக்ரோமிரர் டிவைஸ், சுருக்கமாக டிஎம்டி, அப்படித்தான் பிறந்தது. முதலில் அது சினிமாவுக்குப் போகவில்லை, விமான டிக்கெட் அச்சடிக்கிற இயந்திரத்துக்குள் போனது. டிஎல்பி என்ற பெயரில் முதல் ப்ரொஜெக்டர்கள் கடைக்கு வந்தது 1996-இல். தொடங்கியதில் இருந்து எண்ணினால் 19 வருஷம். காலாண்டுக்குக் காலாண்டு லாபக் கணக்குப் பார்க்கிற ஒரு கம்பெனி அத்தனை வருஷம் பொறுத்திருந்தது, சொல்லப்போனால், கண்டுபிடிப்பைவிட எனக்கு ஆச்சரியம்.

ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு அலுமினியச் சதுரம், ஆரம்பத்தில் ஒரு பக்கம் சுமார் 16 மைக்ரான். அடியில் ஒரு சின்னத் தூண், அதற்கும் அடியில் திருகு கம்பி மாதிரி ஒரு கீல். கீலின் தடிமன் 60 நானோமீட்டர் அளவுதான். ஒரு பக்கம் சாய்ந்தால் விளக்கின் ஒளி லென்ஸ் வழியாகத் திரைக்குப் போகும், அந்தப் புள்ளி வெள்ளை. மறுபக்கம் சாய்ந்தால் ஒளி ப்ரொஜெக்டருக்கு உள்ளேயே ஒரு கறுப்புத் தகட்டில் விழும், அந்தப் புள்ளி கறுப்பு. சாம்பல் நிறம் வேண்டுமானால் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படியும் அப்படியும் ஆடும். எவ்வளவு நேரம் இந்தப் பக்கம், எவ்வளவு நேரம் அந்தப் பக்கம் என்பதைக் கண் தானாகக் கூட்டிக்கொள்ளும். இதனால் ஒரு வேடிக்கை: திரையில் இருட்டான பேய்ப் படக் காட்சி ஓடும்போதுதான் ப்ரொஜெக்டரின் வயிற்றுக்குள் அதிகச் சூடு. ஒளி முழுக்க வெளியே போகாமல் உள்ளே கொட்டுகிறதே.

இது உடையாமல் ஓடும் என்று ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. பேப்பர் கிளிப்பை எடுத்து முன்னும் பின்னும் வளையுங்கள், சில தடவைகளில் முறிந்துவிடும். உலோகக் களைப்பு. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் வளைகிற கீல் ஒரு மாதம் தாங்குமா? சோதனை செய்து பார்த்தால் முறியவில்லை. ஒரு லட்சம் கோடித் தடவைக்கு மேல் ஆட்டிப் பார்த்தும் முறியவில்லை. காரணம் அதன் மெலிவுதான். தடிமனான உலோகத்தில் வளைக்க வளைக்க உள்ளே குறைபாடுகள் சேர்ந்து, குவிந்து, விரிசலாகும். கீல் ஒரு உலோகப் படிகத்தின் அளவைவிட மெல்லியது, குறைபாடுகள் குவிந்து நிற்க அங்கே இடமே இல்லை.

பயந்தது நடக்கவில்லை, எதிர்பாராதது நடந்தது. ஒரு கண்ணாடி நெடுநேரம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால், கீல் அந்தச் சாய்வைப் 'பழகிக்கொண்டது'. விடுவித்தாலும் நேராக வருவதில்லை. மெல்ல மெல்ல அந்தப் பக்கமாகவே நிரந்தரமாகச் சாய்ந்து, கடைசியில் மறுபக்கம் திரும்ப மறுத்தது. திரையில் ஒரு புள்ளி எப்போதும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும். பொறியாளர்கள் இதற்கு 'ஹிஞ்ச் மெமரி' என்று பேர் வைத்தார்கள். நாற்காலியில் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்ந்து முதுகு கோணிப்போகிற மாதிரிதான். இதை வேகப்படுத்துவது எது? ஒன்று, எவ்வளவு நேரம் ஒரே பக்கம் நிற்கிறது என்பது. இன்னொன்று, அதைவிட முக்கியமாக, சூடு. அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். ஆனால் இந்தக் கீலுக்கு அறுபது, எழுபது டிகிரியே ஆபத்தான சூடு. உருகுவதற்கும் கெடுவதற்கும் நடுவில் அவ்வளவு தூரம். "ஏன் மெல்ட் ஆகல?" என்று கேட்ட பிள்ளைக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்: உருகுவது பிரச்சினையே இல்லடா கண்ணு, உருகறதுக்கு ரொம்ப முன்னாடியே அது ஞாபகம் வெச்சுக்க ஆரம்பிச்சிடும்.

அதற்கு என்ன செய்தார்கள்? கீலுக்கு வேறு உலோகக் கலவை தேடினார்கள். கண்ணாடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அது சாய்ந்து தொடுகிற இடத்தில் சின்னச் சின்ன ஸ்பிரிங் நுனிகள் வைத்தார்கள், மேலே ஒட்டாத ஒரு பூச்சு கொடுத்தார்கள். ஈரப்பதமும் தூசியும் வராதபடி ஒரு கண்ணாடி ஜன்னல் போட்டுச் சில்லை முழுவதுமாக அடைத்தார்கள். விளக்குப் பக்கத்தில் கோல்டு மிரர் அகச்சிவப்பை முன்னமே கழித்துவிடும். வடிகட்டிகள் புற ஊதாவையும் மிச்சச் சூட்டையும் நிறுத்தும். அதையும் மீறிச் சில்லுக்கு வருகிற சூட்டைப் பின்பக்கம் உலோகத் தகடு இழுத்துக்கொள்ளும், பெரிய தியேட்டர் ப்ரொஜெக்டரில் கார் ரேடியேட்டர் மாதிரித் திரவம் ஓடும். இத்தனைக்கும் பிறகு ஆயுள் ஒரு லட்சம் மணி நேரத்துக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். இரவு பகலாக ஓடினாலும் பதினோரு வருஷம். எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள், 'தாங்குகிற பொருள்' என்று ஒன்றே ஒன்று எங்கேயும் இல்லை. சூடு ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பக்கம் திருப்பி விடப்படுகிறது.

1999 ஜூனில் ஸ்டார் வார்ஸ் முதல் அத்தியாயத்தை லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் பகுதிகளில் நான்கே திரைகளில் ஃபிலிம் இல்லாமல் டிஜிட்டலாகக் காட்டினார்கள். அவற்றில் இந்தக் கண்ணாடிகளும் இருந்தன. 2015-இல் ஹார்ன்பெக்குக்கு அறிவியல்-தொழில்நுட்பப் பிரிவில் ஆஸ்கர் கிடைத்தது. நடுவில் தமிழ் சினிமாவும் மாறிவிட்டது. சென்னை ரியல் இமேஜ் நிறுவனத்தின் 'க்யூப்' தமிழ்நாட்டுத் தியேட்டர்களை ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்குக் கொண்டு வந்தது. "படப்பெட்டி வந்துடுச்சா?" என்று பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த ஊர்களில் பெட்டியே இல்லாமல் போனது. இங்கே டெக்சாஸில், ஃபிலிம் பெட்டி விமானத்தில் வந்து சேரக் காத்திருந்த நம்ம பெற்றோர்களுக்கும், சென்னையில் வெளியாகிற அன்றைக்கே முதல் நாள் காட்சி பார்க்கிற நமக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் இந்த மாற்றம்தான்.

இதெல்லாம் தியேட்டர் கதை. நம்ம வீட்டுக் கூரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகளில் கிச்சன் கவுண்டருக்கு மேலும் சுவாமி ஷெல்ஃபுக்கு மேலும் சின்னச் சின்ன ஹாலஜன் ஸ்பாட் லைட்டுகள் இருக்கும். எம்ஆர்-16 என்ற வகை, இரண்டு இன்ச் அகலக் கண்ணாடிக் கிண்ணம். ஸ்லைடு ப்ரொஜெக்டருக்கு என்று செய்த விளக்குதான் பிறகு வீட்டுக்கு வந்தது. அதில் பெரும்பாலானவற்றில் இருப்பது நாம் மேலே பார்த்த டைக்ரோயிக் பூச்சு. எரியும்போது பின்பக்கம் லேசாக ஊதா, இளஞ்சிவப்பு என்று நிறம் கசிந்தால் அதுதான். முன்பக்கம் கை வைத்தால் அவ்வளவாகச் சுடாது, "கூல் பீம்" என்று பெட்டியில் போட்டிருக்கும். அப்போ சூடு எங்கே போனது? பின்னால். உங்கள் சீலிங்குக்குள்.

ஜூலை, ஆகஸ்டில் டெக்சாஸ் ஆட்டிக் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். விளக்கே எரியாமல் 120, 130 டிகிரி ஃபாரன்ஹீட். அதற்கு மேல் இன்சுலேஷன் பஞ்சு விளக்குப் பெட்டியை மூடியிருந்தால் சூடு வெளியேற வழியே இல்லை. ஆகவே சீலிங்கில் பதித்த விளக்குப் பெட்டிக்கு உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 'ஐசி ரேட்டட்' என்று இருக்க வேண்டும். கில்பியின் ஐசி இல்லை, இது 'இன்சுலேஷன் கான்டாக்ட்', பஞ்சு தொட்டாலும் பரவாயில்லை என்ற அனுமதி. அப்படி இல்லாத பெட்டி என்றால் சுற்றிலும் இடைவெளி விட்டிருக்க வேண்டும். ஆட்டிக்கில் புதிதாக இன்சுலேஷன் போட ஆள் வந்தால் அவர் பஞ்சை ஊதிவிட்டுப் போவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுங்கள். சில பெட்டிகளில் 'டைக்ரோயிக் விளக்கு போடக்கூடாது, அலுமினியப் பூச்சு மட்டும்' என்றும் எழுதியிருக்கும். கடையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஒன்றின் சூடு முன்னால், இன்னொன்றின் சூடு பின்னால்.

எல்இடிக்கு மாறிவிட்டால் நிம்மதி என்று சொல்வார்கள். பெரிய அளவில் உண்மைதான், நானும் மாறச் சொல்வேன். எல்இடி விளக்கின் ஒளியில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை, அதனால் ரிஃப்ளெக்டரைப் பிளாஸ்டிக்கில்கூடச் செய்ய முடிகிறது. ஆனால் சூடு மறைந்துவிடவில்லை, சில்லின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் போட்டால் அது வெளியேற முடியாமல் விளக்கின் ஆயுள்தான் குறையும். பெட்டியில் 'என்க்ளோஸ்டு ஃபிக்சருக்கு ஏற்றது' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

காருக்கும் இதே கதை. இப்போதைய ஹெட்லைட்டின் உள்ளே இருக்கிற ரிஃப்ளெக்டர் சூடு தாங்குகிற கெட்டி பிளாஸ்டிக், மேலே நூறு நானோமீட்டர் அளவுக்கு அலுமினிய ஆவிப் பூச்சு, அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்புப் படலம். டிரைவிங் கற்றுக்கொள்கிற பதினாறு வயசுப் பிள்ளை "இன்னும் பிரைட்டா இருக்கும்ப்பா" என்று அதிக வாட் பல்ப் வாங்கி மாட்டினால், அந்தப் பூச்சு வெந்து மங்கிவிடும். பிறகு பழைய பல்பைத் திரும்பப் போட்டாலும் பழைய வெளிச்சம் வராது. பல்ப் மாற்றும்போது உள்ளே தூசி தெரிகிறதே என்று துணியால் துடைக்கவும் கூடாது. பாட்டியின் தகரத் தட்டாவது பத்து வருஷம் தேய்ப்பைத் தாங்கியது, இது ஒரு தேய்ப்பைத் தாங்காது. ஹாலஜன் பல்பின் குவார்ட்ஸை வெறும் விரலால் தொடாதீர்கள் என்பதும் அப்படித்தான்: விரலின் எண்ணெய் பட்ட இடம் எரியும்போது வெந்து குவார்ட்ஸ் பலவீனமாகும்.

தமிழ்ப் பள்ளி, சங்கம், கோயில் என்று ப்ரொஜெக்டரைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. நிகழ்ச்சி முடிந்ததும் அவசரத்தில் பிளக்கைப் பிடுங்காமல், விசிறி தானாக நிற்கும்வரை இரண்டு நிமிடம் விடுங்கள். விளக்கு மாற்றும் நேரம் வந்தால், ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிற பெயர் தெரியாத விளக்கை வாங்கும்முன் யோசியுங்கள். அதில் எரிகிற குமிழி ஒரே மாதிரி இருக்கலாம். அதைச் சுற்றி இருக்கிற கிண்ணம் எந்தக் கண்ணாடி, பூச்சு எத்தனை படலம் என்பதை வெளியே இருந்து யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் விளக்கு 'டப்' என்று வெடித்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிக் கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள். உள்ளே இருப்பது பாதரசம்.

பிள்ளைகளை இந்த வாரக் கடைசியில் எங்கேயாவது கூட்டிப்போக வேண்டுமென்றால் டவுன்டவுன் டாலஸில் பெரோ மியூசியம் இருக்கிறது, அதில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெயரிலேயே ஒரு பொறியியல் கூடம். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் பள்ளி ப்ரொஜெக்டரே போதும். ஒரே சில்லு வைத்த டிஎல்பி ப்ரொஜெக்டரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் திரைக்கு வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் கண்ணாடிகள் தனித்தனியாக ஆடும். வெள்ளைத் திரையை மட்டும் போட்டுவிட்டு, லென்ஸைப் பார்க்காமல் திரையைப் பார்த்து நிற்கச் சொல்லி, விரல்களை விரித்து ஒளிக்கு நடுவில் வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். நிழலின் ஓரங்களில் மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும்.

"மறுபடி, மறுபடி" என்று ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். விசிறி ஓடுகிற சத்தத்தையும் அப்போதே கேட்கச் சொல்லலாம்.